பொன்னேரி வரதனும் அபூர்வத்தோட ரேட்டும்

ஸ்ரீனிவாச வரதன்னு பேரைச் சொன்னா, தெரிஞ்சவங்க உடனே சொல்றது ரெண்டு விஷயம். சென்னையில பிறந்தவர், 2007ல ஆபெல் பரிசு வாங்கினவர். கணக்குக்கு நோபல் கிடையாது, ஆபெல்தான் அதுக்கு ஈடுன்னு மூணாவதா ஒண்ணு சேத்துப்பாங்க. சரி, எதுக்குக் குடுத்தாங்கன்னு கேட்டா "ஏதோ அபூர்வமா நடக்கிறதை முன்கூட்டியே கணிக்கிற கணக்காம்"னு இழுப்பாங்க. அந்தக் கடைசி வரிதான் தப்பு. நாளைக்கு வெள்ளம் வருமா, ஷேர் மார்க்கெட் சரியுமான்னு சொல்ற ஜோசியம் இல்ல அது. நடக்கவே நடக்காதுன்னு நாம ஒதுக்கி வைக்கிற ஒவ்வொண்ணுக்கும் ஒரு விலை உண்டு, அந்த விலையைக் கணக்கு போட முடியும், அப்படி ஒண்ணு நடந்தே தீந்துச்சுன்னா எந்த வழியா நடந்திருக்கும்ங்கிறதையும் அந்த விலையே காட்டிக் குடுத்துடும், இதுதான் அவரோட அறுபது வருஷ வேலையில திரும்பத் திரும்ப வர்ற விஷயம்னு நான் நினைக்கிறேன்.

முழுப் பேரு சாத்தமங்கலம் ரங்க ஐயங்கார் ஸ்ரீனிவாச வரதன், கூட வேலை செஞ்சவங்களுக்கு ரகு. 1940 ஜனவரி 2 பிறப்பு. அப்பா சயின்ஸ் வாத்தியார், பின்னாடி பொன்னேரி போர்டு ஹை ஸ்கூல்ல தலைமை ஆசிரியர், அதனால பையன் ஸ்கூல் முடிச்சதும் பொன்னேரியிலதான். அங்க இருந்த கணக்கு வாத்தியார் ஒருத்தர் லீவு நாள்ல சில பசங்களை வீட்டுக்குக் கூப்பிட்டு கணக்கு குடுப்பாராம், பரீட்சைக்காக இல்ல, புதிர் போடுற மாதிரி, விளையாட்டு மாதிரி. கணக்குங்கிறது மார்க் வாங்குற சமாச்சாரம் இல்லன்னு அப்பத்தான் பட்டுச்சுன்னு வரதன் பேட்டியில சொல்லியிருக்காரு. அப்புறம் தாம்பரம் கிறிஸ்டியன் காலேஜ்ல இன்டர்மீடியட், அடுத்து மாநிலக் கல்லூரி, அதான் பிரசிடென்சி காலேஜ், அங்க ஹானர்ஸ்.

இங்க ஒண்ணு கவனிக்கணும். அவர் எடுத்தது கணிதம் இல்ல, ஸ்டாட்டிஸ்டிக்ஸ். 1959ல ஹானர்ஸ் முடிச்சு கல்கத்தாவுல இந்தியன் ஸ்டாட்டிஸ்டிக்கல் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனப்பவும் மனசுல இருந்தது தொழிற்சாலை வேலைதான், குவாலிட்டி கன்ட்ரோல், அதாவது மெஷின்ல இருந்து வர்ற பொருள்ல எத்தனை பழுதுன்னு பாத்து கணக்கு சொல்ற வேலை. கொஞ்ச நாள்லயே அது பிடிக்காம போச்சு. புள்ளியியலாளர் மஹலனோபிஸ் 1931ல தொடங்கின அந்த இன்ஸ்டிட்யூட்ல அப்போ சி. ஆர். ராவ் இருந்தாரு, வரதனுக்கு கைடும் அவர்தான். ஆனா ராவ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மலைன்னா, வரதன் கூட சேந்த கூட்டம் வேற மாதிரி: வி. எஸ். வரதராஜன், கே. ஆர். பார்த்தசாரதி, ரங்கா ராவ். இவங்க நாலு பேரையும் சேத்து அந்த இன்ஸ்டிட்யூட்டோட புகழ்பெற்ற நால்வர்னே சொல்லுவாங்க. நாலு பேரும் பெரும்பாலும் தாங்களாவே புஸ்தகத்தை எடுத்து வச்சு டோபாலஜி (உருவங்களை வளைச்சு நெளிச்சாலும் மாறாத குணங்களைப் பத்தின கணக்கு), குரூப் தியரின்னு (சுழற்சி மாதிரி ஒண்ணோட ஒண்ணு சேர்ற மாற்றங்களைப் பத்தின கணக்கு) படிச்சு, ஒருத்தருக்கொருத்தர் பாடம் எடுத்து, நிகழ்தகவை அதுக்குள்ள கொண்டு போனவங்க. சாதாரண நிகழ்தகவுல எண்களைக் கூட்டுவோம், எண்ணுக்குப் பதிலா சுழற்சி மாதிரி ஒரு குரூப்போட உறுப்புகளை ராண்டமா எடுத்து ஒண்ணோட ஒண்ணு சேத்துக்கிட்டே போனா என்ன ஆகும்? வரதனோட தீசிஸ் இந்தப் பக்கம்தான்.

அந்தத் தீசிஸ் பத்தி ஒரு கதை உண்டு. 1962ல கோல்மொகோரோவ் கல்கத்தா வந்தாரு. நிகழ்தகவுக்கு 1933ல அஸ்திவாரம் போட்டவரே அவர்தான், அவர் முன்னாடி 22 வயசுப் பையன் தன் வேலையைச் சொல்லணும். வரதன் ஆர்வத்துல நேரத்தைத் தாண்டிப் பேசிட்டாரு, கேட்டவங்க களைச்சுட்டாங்க, முடிஞ்சதும் கோல்மொகோரோவ் கருத்து சொல்ல எந்திரிச்சப்போ சிலபேர் கிளம்ப ஆரம்பிச்சாங்க, அவர் கோபத்துல சாக்பீஸைப் போட்டுட்டு வெளிய போயிட்டாரு, சி. ஆர். ராவ் பின்னாடியே ஓடி மன்னிப்பு கேட்டாரு. பையனுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, ஏன்னா தீசிஸைத் திருத்தி ரிப்போர்ட் அனுப்ப வேண்டியவரும் அதே கோல்மொகோரோவ்தான். அவர் அதை மாஸ்கோவுக்கு எடுத்துட்டுப் போயி அனுப்பின ரிப்போர்ட்ல, இது ஸ்டூடன்ட் வேலை இல்ல, தேர்ந்த மாஸ்டரோட வேலைங்கிற அர்த்தத்துல எழுதியிருந்தாரு. 1963ல டாக்டர் பட்டம்.

அதே வருஷம் நியூயார்க், அங்க உள்ள யூனிவர்சிட்டியோட கணித ஆய்வு மையமான கூரான்ட் இன்ஸ்டிட்யூட். ஏர்போர்ட்ல இருந்து பஸ் பிடிச்சுப் போய் இறங்கினாராம், அப்போ இன்ஸ்டிட்யூட் இருந்தது முன்னாடி தொப்பி ஃபாக்டரியா இருந்த கட்டிடத்துல, இவருக்குக் கிடைச்சது ஜன்னல் இல்லாத ரூம். ஆனா பக்கத்து ரூம்கள்ல யாரு? பீட்டர் லாக்ஸ், லூயி நிரென்பெர்க், யூர்கன் மோசர். எல்லாரும் டிஃபரென்ஷியல் ஈக்குவேஷன் ஆளுங்க. நிகழ்தகவுப் பக்கம் மன்ரோ டான்ஸ்கர் இருந்தாரு. என் கணிப்புல வரதனோட வாழ்க்கையில பெரிய திருப்பம் இதுதான்: கல்கத்தாவுல குரூப், டோபாலஜின்னு சுத்தமான அருவக் கணக்குல ஊறின ஒருத்தர், வெப்பம் எப்படிப் பரவுது, திரவம் எப்படி ஓடுதுன்னு பேசுற வீட்டுக்குள்ள வந்து உக்காந்துட்டாரு. 1966ல அங்கயே ஆசிரியர், 1972ல புரொபசர், ரெண்டு தடவ டைரக்டர், வேற ஊருக்கு மாறவே இல்ல.

இப்போ கணக்குக்கு வருவோம், பயப்படாதீங்க, பூவா தலையா அளவுதான்.

காசை 100 தடவ சுண்டினா 60 இல்ல அதுக்கு மேல தலை விழ வாய்ப்பு எவ்வளவு? சுமார் 35ல ஒண்ணு. ஆச்சரியமா இருந்தாலும் நடக்கும். அதே 60 சதவீதம்தான், ஆனா 1000 தடவ சுண்டி 600க்கு மேல தலைன்னா? 700 கோடியில ஒண்ணைவிடக் கம்மி. சதவீதம் மாறல, சுண்டுற எண்ணிக்கை பத்து மடங்கு ஆச்சு, அவ்வளவுதான், வாய்ப்பு எங்கயோ போயிடுச்சு. இது அடுக்குக்குறி வேகத்துல குறையுது, அந்த வேகத்தை ஒரு எண்ணாச் சொல்லலாம், 60 சதவீதத் தலைக்கு ஒரு சுண்டுக்கு சுமார் 0.02, 80 சதவீதத் தலைக்கு சுமார் 0.19. இதுக்குத் துறையில ரேட் ஃபங்ஷன்னு பேரு. அவங்க ரேட்டுன்னு சொல்றது வேகத்தை, ஆனா நம்ம ஊர் கடையில "என்ன ரேட்டு"ன்னு கேக்கிற அர்த்தத்துல எடுத்துக்கிட்டாலும் கச்சிதமாப் பொருந்துது, நான் அப்படித்தான் ஞாபகம் வச்சிருக்கேன். சராசரியை விட்டு எவ்வளவு தூரம் விலகணும்னு ஆசைப்படுறியோ அதுக்கு இவ்வளவு ரேட்டு.

இந்த ரேட்டை முதல்ல ஒழுங்காக் கணக்கு போட்டவர் வரதன் இல்ல, ஸ்வீடன்காரர் ஹரால்ட் கிராமர், 1938ல. அவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி வேலையும் தெரியும், கவலையும் அங்க இருந்துதான் வந்துச்சு: வழக்கமா வர்ற க்ளெய்ம் எவ்வளவுன்னு எல்லாருக்கும் தெரியும், கம்பெனி திவாலாகிற அளவு க்ளெய்ம் ஒரே சமயத்துல வந்து குவிஞ்சா? மணி வடிவ வளைவு நடுப்பகுதிக்குத்தான் சரியா வரும், ஓரத்துல அது சொல்ற எண்ணை நம்ப முடியாது. அப்புறம் 1957ல ரஷ்யாவுல சானோவ் இன்னொரு பக்கம் இருந்து வந்தாரு. இப்படி தனித்தனி முடிவுகள் அங்கங்க கிடந்துச்சு. 1966ல வரதன் எழுதின பேப்பர்தான் இது எல்லாத்துக்கும் பொதுவான சட்டகம், எண்களுக்கு மட்டும் இல்ல, ஒரு துகள் போன மொத்தப் பாதைக்கும்கூட ரேட் சொல்லலாம்னு ஒரே வரையறைக்குள்ள கொண்டு வந்துச்சு. லார்ஜ் டீவியேஷன்ஸ்னு இன்னைக்குச் சொல்ற தியரியோட எலும்புக்கூடு அது.

அதுல வர்ற ஒரு முடிவுக்கு வரதன் லெம்மான்னே பேரு, லெம்மான்னா துணைத் தேற்றம். அதை இப்படிப் பாருங்க. கையில ஒரு ரூபா இருக்கு. தலை விழுந்தா கையில உள்ளது ரெண்டு மடங்கு, பூ விழுந்தா பாதி. 100 தடவ சுண்டுறோம். சாதாரணமா 50 தலை 50 பூ, ஏறினதும் இறங்கினதும் கழிஞ்சு கடைசியில அதே ஒரு ரூபா. ஆனா சராசரி எவ்வளவு? ஒரு சுண்டுக்கு சராசரியா 1.25 மடங்கு, அதை 100 தடவ பெருக்கினா சுமார் 490 கோடி ரூபா! விளையாடினவங்கள்ல பாதிப்பேர் கையில ஒரு ரூபாயோ அதுக்கும் கம்மியோ, சராசரி மட்டும் 490 கோடி. (இதைப் படிச்சதும் சராசரி வருமானம்னு பேப்பர்ல வர்ற புள்ளிவிவரம் எல்லாம் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்ல.) அப்போ இந்தச் சராசரியைத் தூக்கி நிறுத்துறது யாரு? 100ம் தலையா விழுந்த மகாராசனா? அவன் கையில 1க்குப் பின்னாடி 30 சைபர் இருக்கும், ஆனா அவன் கிடைக்கிற வாய்ப்பும் அதே அளவு கம்மி, ரெண்டையும் பெருக்கினா அவன் பங்கு சரியா ஒரே ஒரு ரூபாதான். நடுவுல இருக்கிற 50 தலைக்காரன் பங்கு அதைவிடக் கம்மி. உண்மையில தூக்குறது 80 தலை பக்கத்துல விழுந்தவங்க. 80க்கு மேல விழுறது சுமார் 180 கோடியில ஒருத்தருக்குத்தான், ஆனா 80 தலைக்காரன் கையில 1க்குப் பின்னாடி 18 சைபர் பணம். லாபத்துல இருந்து ரேட்டைக் கழிச்சுக்கிட்டே வா, எங்க மிச்சம் அதிகமோ அந்த இடம் ஒண்ணே மொத்த சராசரியையும் தீர்மானிக்கும், மத்ததை மறந்துடு. லெம்மா சொல்றது இவ்வளவுதான். ஸ்டாட்டிஸ்டிகல் பிசிக்ஸ் படிச்சவங்களுக்கு இது பழகின வாசனையா இருக்கும், எனர்ஜியும் என்ட்ரோபியும் இழுத்துப் பிடிச்சு சண்டை போட்டு ஒரு இடத்துல சமாதானம் ஆகுற அதே விஷயம்.

1967ல வெப்பச் சமன்பாட்டுல வந்த முடிவு எனக்கு இன்னும் பிடிக்கும். ஒரு சீரில்லாத பொருள்ல ஒரு புள்ளியில சூடு வைக்கிறோம், ரொம்ப ரொம்பக் கொஞ்ச நேரத்துல தூரத்துப் புள்ளியில எவ்வளவு சூடு வந்திருக்கும்? கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல. ஆனா அந்த கிட்டத்தட்ட ஒண்ணுமில்லைக்கு லாகரிதம் எடுத்து, நேரத்தால பெருக்கி, நேரத்தைச் சுருக்கிக்கிட்டே போனா, ரெண்டு புள்ளிக்கும் நடுவுல இருக்கிற மிகக் குறுகிய பாதையோட தூரத்தோட வர்க்கம், ஒரு நிலையான எண்ணால பெருக்கினபடி, வந்து நிக்குது. வெப்பம் எல்லா வழியாவும்தான் அலையுது, ஆனா அவ்வளவு சீக்கிரம் அங்க போய்ச் சேரணும்னா குறுக்கு வழியில போனதுதான் கணக்குல வரும். தொப்பி ஃபாக்டரிக்குள்ள டிஃபரென்ஷியல் ஈக்குவேஷன்காரங்களோட உக்காந்ததோட பலன் இது.

நடுவுல டேனியல் ஸ்ட்ரூக்குங்கிற இன்னொரு நிகழ்தகவுக்காரரோட சேந்து பண்ண வேலை ஒண்ணு இருக்கு, லார்ஜ் டீவியேஷன்ஸ்ல சேராதது. தண்ணியில மிதக்கிற தூசி மாதிரி ராண்டமா அலையுற துகளுக்கு, ஜப்பான்ல கியோசி இட்டோ 1940கள்ல ஒரு சமன்பாட்டு முறையைக் கண்டுபிடிச்சாரு. ஆனா அதுக்குத் துகள் இருக்கிற இடத்தோட குணம் ரொம்ப வழவழப்பா மாறணும்னு கண்டிஷன். ஸ்ட்ரூக்கும் வரதனும் 1969ல கேள்வியையே மாத்திப் போட்டாங்க. பாதையை அடி அடியாக் கட்ட வேண்டாம், அதுக்குப் பதிலா இந்தத் துகளை வச்சு ஆடுற குறிப்பிட்ட பந்தயங்கள் எல்லாம் நியாயமான பந்தயமா இருக்கணும், யாருக்கும் சராசரியா லாபமோ நட்டமோ வரக்கூடாதுன்னு நிபந்தனை போடு, அந்த நிபந்தனைக்குப் பொருந்துற நிகழ்தகவு ஒண்ணே ஒண்ணுதான்னு நிரூபிச்சிடுன்னாங்க. மார்ட்டிங்கேல் ப்ராப்ளம்னு இதுக்குப் பேரு. கண்டிஷன் பாதிக்குமேல தளர்ந்துடுச்சு, அலைச்சலோட அளவு எங்கயும் சைபர் ஆகாம, இடத்துக்கு இடம் துண்டிக்காம தொடர்ச்சியா மாறினாலே போதும். 1979ல இதை ரெண்டு பேரும் புஸ்தகமாப் போட்டாங்க, சுலபமாப் படிக்கிற புஸ்தகம்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா இந்தத் துறையில ஓரளவு போனவங்க யாரும் அதைத் தாண்டாமப் போக முடியாது. 1996ல அமெரிக்கன் மேத்தமேட்டிகல் சொசைட்டியோட ஸ்டீல் பரிசு ரெண்டு பேருக்கும் சேத்து இந்த வேலைக்காகத்தான்.

திரும்ப ரேட்டுக்கு வருவோம். 1975ல இருந்து 1983 வரைக்கும் டான்ஸ்கரும் வரதனும் நாலு பாகமா எழுதின பேப்பர் வரிசை, கூடவே அதைச் சுத்தி வந்த மத்த பேப்பர்கள், இதுதான் அந்தத் தியரியை உண்மையான பிரச்சனைகள்ல இறக்கி ஜெயிச்ச காலம். ஒண்ணை மட்டும் சொல்றேன். ஒரு பெரிய பொட்டல்ல அங்கங்க மூடாத கிணறு, எங்க இருக்குன்னு எந்த ஒழுங்கும் இல்ல. கண்ணைக் கட்டின ஒருத்தன் திக்குத் தெரியாம அலையுறான். ரொம்ப நேரம் கழிச்சும் அவன் விழாம இருக்கான்னு வச்சுக்குங்க, எப்படிப் பிழைச்சான்? நாம நினைப்போம், ஒவ்வொரு கிணறா ஓரமா ஒதுங்கி ஒதுங்கி அதிர்ஷ்டத்துல தப்பிச்சான்னு. இல்ல. அவன் ஆரம்பிச்ச இடத்தைச் சுத்தியே தற்செயலா கிணறே இல்லாத ஒரு வட்டத் திட்டு இருந்திருக்கு, அவனும் அந்தத் திட்டை விட்டு வெளிய போகாமலே சுத்தியிருக்கான். ரெண்டுமே அபூர்வம், ரெண்டுக்கும் ரேட் உண்டு. திட்டு பெருசா இருந்தா அப்படி ஒரு வெறும் இடம் அமையுறதுக்கு விலை ஏறும், சின்னதா இருந்தா அதுக்குள்ளயே அடங்கிக் கிடக்கிறதுக்கு விலை ஏறும். ரெண்டையும் கூட்டி எங்க குறைச்சல்னு பாத்தா, தரை மாதிரி ரெண்டு பரிமாணத்துல, காலம் 16 மடங்கு ஆகும்போது திட்டோட ஆரம் 2 மடங்கு ஆகணும், மொத்த விலை 4 மடங்கு ஏறும். அதாவது பிழைக்கிற வாய்ப்போட லாகரிதம் காலத்தோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரி குறையுது. இயற்பியல்காரங்க ஊகமா வச்சிருந்த இதை டான்ஸ்கரும் வரதனும் 1975ல நிரூபிச்சாங்க. அலையுற துகளைச் சுத்தி தடிமனா ஒரு குழாய் வரைஞ்சா வர்ற உருவத்தோட கன அளவுலதான் கணக்கே நிக்குது, அந்த உருவத்துக்கு வீனர் சாசேஜ்னு பேரு வச்சிருக்காங்க. வீனர்ங்கிறது கணித மேதையோட பேரும்தான், வியன்னா சாசேஜுக்கும் அதே பேருதான், கணக்குக்காரங்க ஜோக்கு இந்த அளவுலதான் இருக்கும்.

அதுக்கு அப்புறம் 1980கள்ல லட்சக்கணக்கான துகள்கள் ஒண்ணோட ஒண்ணு மோதி ராண்டமா நகர்ற கூட்டத்தை தூரத்துல இருந்து பாத்தா எப்படி ஒரே சீரான ஓட்டமாத் தெரியுதுங்கிற பக்கம் போனாரு. 1986ல கிப்னிஸோட, 1988ல குவோ, பாப்பனிகோலாவோட எழுதின பேப்பர்கள் ரெண்டும் அந்தத் துறையில இன்னைக்கும் வேலைக்கான கருவிகள். இதை விரிச்சா தனிக் கட்டுரை ஆயிடும்.

பரிசு விவரம் வேணும்னா: ஆபெல் பரிசு நிகழ்தகவுக்குன்னு வந்ததுல இவருதான் முதல், ஆசியாவுல பிறந்தவங்கள்லயும் இவருதான் முதல், பரிசுத் தொகை 60 லட்சம் நார்வே குரோனர். 2008ல பத்ம பூஷன், 2023ல பத்ம விபூஷண், நடுவுல அமெரிக்காவோட நேஷனல் மெடல் ஆஃப் சயின்ஸ்.

எனக்கு இதைவிட சுவாரசியமாத் தெரியுறது போலரான். படிகத்துக்குள்ள போற எலக்ட்ரான் தன்னைச் சுத்தி இருக்கிற அணுக்களைக் கொஞ்சம் இழுத்து நெளிய வச்சுக்கிட்டே போகும், மெத்தையில நடக்கிற குழந்தை குழியையும் கூடவே கூட்டிட்டுப் போற மாதிரி. எலக்ட்ரானும் அந்தக் குழியும் சேந்ததுதான் போலரான். அந்த இழுவை ரொம்பப் பலமா இருந்தா ஆற்றல் எவ்வளவுன்னு பேக்கர்னு ஒரு இயற்பியலாளர் ஒரு சூத்திரம் சொல்லி வச்சிருந்தாரு. ஃபைன்மன் 1955ல இதையே பாதைகளோட கூட்டுத்தொகையா எழுதினாரு, ஒரு பாதை தன்னோட பழைய தடத்துக்குப் பக்கத்துலயே திரும்ப வந்தா அதுக்குக் கூடுதல் மதிப்பு. பாதைகளோட சராசரின்னா வரதன் லெம்மாவோட சொந்த வீடு மாதிரிதானே, 1983ல டான்ஸ்கரும் வரதனும் பேக்கரோட சூத்திரம் சரின்னு நிரூபிச்சாங்க. ஆனா அவங்களுக்குக் கிடைச்சது ஆற்றல், அதாவது விலை. அந்த விலையைக் குடுத்து எலக்ட்ரான் உண்மையில எந்த மாதிரிப் பாதையில போகுதுங்கிறது அப்படியே நின்னுச்சு. எல்லாப் பாதையையும் இடம் மாத்தி வச்சாலும் கணக்கு மாறாதுங்கிறதால, பாதை எங்கயோ ஓடிப் போயிடாமப் பிடிச்சு வைக்கவே புது வழி தேவைப்பட்டுச்சு. முப்பது வருஷத்துக்கு மேல கழிச்சு சிரஞ்சீவ் முகர்ஜிங்கிற இளைய கணிதவியலாளரோட வரதன் அங்கயே திரும்ப வந்தாரு, 2016ல பிடிச்சு வைக்கிற வழி பத்தி ஒரு பேப்பர், 2020ல போலரான் பாதை எப்படி இருக்கும்னு அடையாளம் காட்டுற பேப்பர். அப்போ அவருக்கு வயசு 80.